கிளம்பியிருப்பேன்: பிரெஞ்சின் ஃபுத்யூர் ஆன்தேரியர் காலத்தைத் தமிழின் வழியாக அறிதல்

சமையலறை மேசையின் மேல் ஒரு துண்டுச் சீட்டு கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பிரெஞ்சில் ஒரே ஒரு வரி இருக்கிறது: "கான் து லிரா ஸெ மோ, ழெ ஸெரே தேழா பார்த்தி." தமிழில் சொன்னால், "இந்தச் சீட்டை நீ படிக்கும்போது நான் ஏற்கெனவே கிளம்பியிருப்பேன்." எழுதியவர் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் வீட்டில்தான் இருந்தார், கிளம்புதல் இனிமேல் நடக்கவேண்டியது. மற்றவர் படிப்பதும் இனிமேல் நடக்கவேண்டியதே. இரண்டும் எதிர்காலம்தான் என்றாலும், அவற்றுள் ஒன்று நடக்கும் நேரத்தில் மற்றொன்று நடந்து முடிந்திருக்கும். எதிர்காலத்தில் ஓரிடத்தில் நின்றுகொண்டு, அதற்கு முன்பே முடிந்துவிட்ட ஒன்றைத் திரும்பிப் பார்க்கும் இந்த வினைவடிவத்துக்குப் பிரெஞ்சு இலக்கணத்தில் 'ஃபுத்யூர் ஆன்தேரியர்' என்று பெயர். 'ஆன்தேரியர்' என்றால் முந்தையது என்று பொருள். இன்னொரு எதிர்காலத்துக்கு முந்தைய எதிர்காலம் என்று பெயரே விளக்கிவிடுகிறது.

தமிழ் பேசுகிறவருக்கு இது புதிய கருத்து அன்று. கிளம்பியிருப்பேன், முடித்திருப்பாள், வந்து சேர்ந்திருப்பார்கள் என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம். முடிந்துவிட்ட செயலைக் காட்டும் வினையெச்சத்தோடு 'இரு' என்ற துணைவினையைச் சேர்த்து, அந்தத் துணைவினைக்கு எதிர்கால விகுதி கொடுக்கிறோம். பிரெஞ்சும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடநூல்களின் வழியாகப் பிரெஞ்சு கற்பதால், தமிழில் எண்ணியதை முதலில் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பிரெஞ்சுக்குக் கொண்டுவருகிறோம். இந்தக் காலத்தைப் பொறுத்தவரை அது வீண் சுற்றுவழி என்பது என் உறுதியான கருத்து. ஆங்கிலம் நம்மைத் தவறாக வழிநடத்தும் இடத்தில் தமிழ் சரியான வழியைக் காட்டுகிறது. தமிழே நம்மை ஏமாற்றும் இடங்களும் சில உண்டு. அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் போதும்.

தொடங்குமுன் எழுத்தைப் பற்றி ஒரு சொல். இக்கட்டுரையில் பிரெஞ்சுச் சொற்களை ஒலிக்கு ஏற்பத் தமிழில் எழுதியிருக்கிறேன். 'ழெ' என்பதில் உள்ள 'ழ' நம்முடைய ழகரம் அன்று. ழான், ழாக் என்று பிரெஞ்சுப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது கையாளும் மரபை ஒட்டி, 'ஷ' என்பதை அதிர்வோடு ஒலித்தால் வரும் ஒலிக்கு அந்த எழுத்தை வைத்திருக்கிறேன். சொல்லின் கடைசியில் வரும் 'ன்' பெரும்பாலும் மூக்கொலி. பிரெஞ்சில் எழுதப்படும் எழுத்துகளில் பல வாயில் வருவதில்லை என்பதால், எழுத்தில் மட்டும் தெரியும் வேறுபாடுகளை ஆங்காங்கே தனியாகச் சுட்டுகிறேன்.

முதலில் இதை அமைக்கும் முறை. பிரெஞ்சில் துணைவினைகள் இரண்டு: 'அவ்வார்', அதாவது உடைமையைக் குறிக்கும் வினை, 'எத்ர்', அதாவது இருத்தலைக் குறிக்கும் வினை. இவற்றுள் ஒன்றைச் சாதாரண எதிர்காலத்தில் வைத்து, அதன் பின் முக்கிய வினையின் இறந்தகால எச்சத்தைச் சேர்த்தால் ஃபுத்யூர் ஆன்தேரியர் அமைந்துவிடும். 'முடித்தல்' என்ற பொருளுடைய 'ஃபினிர்' வினையை எடுத்துக்கொள்வோம்.

ழோரே ஃபினி: நான் முடித்திருப்பேன்
து ஓரா ஃபினி: நீ முடித்திருப்பாய்
இலோரா ஃபினி: அவன் முடித்திருப்பான்
நூஸோரோன் ஃபினி: நாங்கள் முடித்திருப்போம்
வூஸோரே ஃபினி: நீங்கள் முடித்திருப்பீர்கள்
இல்ஸோரோன் ஃபினி: அவர்கள் முடித்திருப்பார்கள்

ஆறு வடிவங்களும் ஆறு விதமாக எழுதப்படுகின்றன. ஆனால் காதால் கேட்டால் துணைவினையில் மூன்றே ஒலிகள் இருப்பது தெரியும்: நானுக்கும் நீங்களுக்கும் 'ஓரே', நீக்கும் அவனுக்கும் 'ஓரா', நாங்களுக்கும் அவர்களுக்கும் 'ஓரோன்'. 'எத்ர்' துணைவினையிலும் இதே அமைப்புத்தான்: ஸெரே, ஸெரா, ஸெரோன். மனப்பாடம் செய்யவேண்டியது அவ்வளவே. 'நூ', 'வூ', பன்மை 'இல்' ஆகியவற்றின் கடைசியில் வழக்கமாக ஒலிக்காத 'எஸ்' எழுத்து, அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கும்போது மென்மையாக ஒலித்து அதோடு ஒட்டிக்கொள்வதால்தான் 'நூஸோரோன்' என்று கேட்கிறது.

இந்த ஏ, ஆ, ஓன் என்ற விகுதிகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் அவை மறப்பதே இல்லை. 'அவ்வார்' வினையின் நிகழ்காலம் ஏ, ஆ, ஆ, அவோன், அவே, ஓன் என்று வரும். பேச்சு லத்தீனில் 'பாட' என்ற வினையெச்சத்துக்குப் பின் 'என்னிடம் உள்ளது' என்ற சொல்லைச் சேர்த்து, 'பாடவேண்டியிருக்கிறது' என்ற பொருளில் 'கந்தாரே ஹபேயோ' என்றார்கள். காலப்போக்கில் அவ்விரு சொற்களும் ஒட்டி, பிரெஞ்சில் 'ஷான்த்ரே', அதாவது 'பாடுவேன்' என்ற ஒரே சொல்லாயின. ஆக, பிரெஞ்சின் எதிர்கால விகுதி என்பதே உருக்குலைந்த 'அவ்வார்' வினைதான். 'ழோரே ஃபினி' என்று சொல்லும்போது அந்த வினையை நாம் ஒரே மூச்சில் இருமுறை சொல்கிறோம்: ஒருமுறை துணைவினையின் அடியாக, மறுமுறை அதன் விகுதியாக. ஒரு சொல்லுக்குள் இவ்வளவு வரலாறு மடிந்து கிடப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது.

அடுத்த கேள்வி, எந்த வினைக்கு எந்தத் துணைவினை என்பது. தமிழ் நம்மை முதன்முதலாக ஏமாற்றும் இடம் இது. தமிழில் இந்த வேலைக்கு 'இரு' என்ற ஒரே துணைவினைதான். முடித்திருப்பேன், கிளம்பியிருப்பேன், எழுதியிருப்பேன் என எல்லா வினையோடும் அதுவே வரும். 'இரு' என்பதற்கு அகராதியில் நேர் சொல் 'எத்ர்' என்றிருப்பதால், தமிழ் மாணவர் 'முடித்திருப்பேன்' என்பதை 'ழெ ஸெரே ஃபினி' என்று சொல்லிவிடுவது எளிது. அது பிழை. பிரெஞ்சில் மிகப் பெரும்பாலான வினைகள் 'அவ்வார்' துணைவினையையே கொள்ளும். 'எத்ர்' கொள்பவை ஒரு சிறு கூட்டம் மட்டுமே.

அந்தக் கூட்டத்தைப் பிரெஞ்சு ஆசிரியர்கள் ஒரு வீட்டின் படமாக வரைந்து கற்பிப்பது வழக்கம். வீட்டுக்கு வருதல் (வெனிர்), வந்துசேர்தல் (அரிவே), உள்ளே நுழைதல் (ஆன்த்ரே), மாடிக்கு ஏறுதல் (மோன்தே), இறங்குதல் (தெஸான்த்ர்), கீழே விழுதல் (தோம்பே), தங்கியிருத்தல் (ரெஸ்தே), வெளியே போதல் (ஸோர்த்திர்), கிளம்புதல் (பார்த்திர்), போதல் (அலே), திரும்பிப் போதல் (ரெதூர்னே), ஆகுதல் (தெவெனிர்), பிறத்தல் (நெத்ர்), இறத்தல் (மூரிர்). பிறப்பிலிருந்து இறப்புவரை ஒரு வீட்டில் நடப்பவை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். நடமாட்டத்தைக் குறிக்கும் வினைகள் எல்லாமே இதில் அடங்கிவிடும் என்று மட்டும் எண்ணிவிடக்கூடாது. நடத்தலும் (மார்ஷே) ஓடுதலும் (கூரிர்) இந்த வீட்டுக்குள் சேராதவை. அவை 'அவ்வார்' கொள்பவை. ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கோ, ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கோ மாறுவதுதான் அந்தக் கூட்டத்தின் பொதுப் பண்பு. தங்கியிருத்தல் மட்டும் அதற்கு விலக்கு.

இவற்றுள் சில வினைகள் செயப்படுபொருளோடு வந்தால் துணைவினையை மாற்றிக்கொள்ளும். நான் மாடிக்கு ஏறியிருப்பேன் என்றால் 'ழெ ஸெரே மோன்தே'. பெட்டிகளை மாடிக்கு ஏற்றியிருப்பேன் என்றால் 'ழோரே மோன்தே லெ வலீஸ்'. ஏறு என்பதற்கும் ஏற்று என்பதற்கும் உள்ள தன்வினை, பிறவினை வேறுபாட்டைத் தமிழ் வினைக்குள்ளேயே காட்டுகிறது. பிரெஞ்சு வினையை மாற்றாமல் துணைவினையை மாற்றிக் காட்டுகிறது. இறங்கு, இறக்கு என்ற இணைக்கும் இதுவே பொருந்தும். செயல் செய்தவரையே திரும்பச் சேரும் 'ஸெ' வகை வினைகள் அனைத்தும் விதிவிலக்கின்றி 'எத்ர்' கொள்பவை: 'ழெ மெ ஸெரே லெவே', நான் எழுந்திருப்பேன்.

இறந்தகால எச்சத்தைப் பற்றி நீட்டிச் சொல்லவேண்டியதில்லை. துணைவினையை நிகழ்காலத்தில் வைத்து, பின்னால் எச்சத்தைச் சேர்த்து அமைக்கும் பாஸே கோம்போஸே என்ற இறந்தகாலத்தைக் கற்றவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்ததே. பேசுதல் போன்ற முதல் வகை வினைகளுக்கு 'பார்லே' என ஏகாரத்திலும், முடித்தல் போன்றவற்றுக்கு 'ஃபினி' என இகரத்திலும் முடியும். அடிக்கடி வரும் மாறுபட்ட வடிவங்கள் சிலவற்றை மட்டும் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டும்: பார்த்தல் 'வு', படித்தல் 'லு', செய்தல் 'ஃபெ', எடுத்தல் 'ப்ரி', எழுதுதல் 'ஏக்ரி', இருத்தல் 'ஏத்தே'.

ஆனால் இந்த எச்சம் எழுத்தில் செய்யும் ஒரு வேலையைச் சற்று நின்று பார்க்கவேண்டும். துணைவினை 'எத்ர்' ஆக இருந்தால், எச்சம் எழுவாயின் பாலையும் எண்ணையும் ஏற்கும்: பெண்பால் என்றால் கடைசியில் 'ஈ' எழுத்து (e), பன்மை என்றால் 'எஸ்' எழுத்து சேரும். தொடக்கத்தில் பார்த்த சீட்டுக்குத் திரும்புவோம். 'பார்த்தி' என்ற சொல்லின் இறுதியில் 'ஈ' எழுத்து இருந்தால் அதை எழுதியவர் ஒரு பெண், இல்லையென்றால் ஆண். அந்த வரியை உரக்கப் படித்தால் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். தமிழில் 'கிளம்பியிருப்பேன்' என்ற சொல் பேசுகிறவரின் பாலை எந்த நிலையிலும் காட்டுவதில்லை. பிரெஞ்சு அதைக் காதுக்குச் சொல்லாமல் கண்ணுக்கு மட்டும் சொல்கிறது. அந்த வீட்டுக் கூட்டத்தில் இந்த வேறுபாடு காதுக்கும் எட்டும் வினை இறத்தல் மட்டுமே: அவன் என்றால் 'மோர்', அவள் என்றால் 'மோர்த்'.

'அவ்வார்' துணைவினையோடு வரும் எச்சம் எழுவாய்க்காக மாறுவதில்லை. செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வந்துவிட்டால் மட்டும் அதற்கு ஏற்ப மாறும். 'நான் எழுதியிருக்கப்போகும் கடிதங்கள்' என்பதற்கு 'லெ லெத்ர் கெ ழோரே ஏக்ரித்' என்று வரும். கடிதம் பெண்பால், அதுவும் வினைக்கு முன் வந்துவிட்டது. அதனால் 'ஏக்ரி' என்பது 'ஏக்ரித்' ஆகி, அடங்கிக் கிடந்த தகர ஒலி வெளியே வருகிறது. எதிர்மறையில் 'நெ', 'பா' என்ற இரண்டும் துணைவினையை மட்டும் இருபுறமும் சூழும்: 'ழெ நோரே பா ஃபினி', நான் முடித்திருக்கமாட்டேன். ஏற்கெனவே என்ற பொருளுள்ள 'தேழா' போன்ற சிறு சொற்களும் துணைவினைக்கும் எச்சத்துக்கும் நடுவில் உட்காரும்.

இனிப் பயன்பாடு. மிக எளியது, கெடு வைத்துச் சொல்வது. "திஸி வாந்த்ரெதி, ழோரே தெர்மினே லெ ரப்போர்": வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கையை முடித்திருப்பேன். இங்கே 'திஸி' என்ற சொல் தமிழின் '-க்குள்' உருபுக்கு அப்படியே பொருந்துகிறது. நாளைக்குள், மாத இறுதிக்குள், பத்து ஆண்டுகளுக்குள் என்று தமிழில் வரும்போதெல்லாம் பிரெஞ்சில் 'திஸி' போட்டு, பின்னால் ஃபுத்யூர் ஆன்தேரியரை வைக்கலாம். ஒரு நேரத்தைக் குறிப்பிட்டாலும் போதும். "ஆ மிதி, லெ த்ரேன் ஸெரா அரிவே ஆ லியோன்": நண்பகலில் ரயில் லியோன் போய்ச் சேர்ந்திருக்கும். சாதாரண எதிர்காலத்தில் 'லெ த்ரேன் அரிவெரா ஆ மிதி' என்றால் ரயில் சரியாக நண்பகலில் வந்து நிற்கிறது. ஆன்தேரியரில் சொன்னால் அது எப்போது வந்தது என்பது முக்கியமில்லை, நண்பகலில் பார்க்கும்போது வந்தாகிவிட்டது என்பதுதான் செய்தி.

இரண்டாவது பயன்பாட்டில்தான் இந்தக் காலத்தின் உயிர் இருக்கிறது. பிரெஞ்சு பேசுகிறவர்கள் இதை அன்றாடம் கையாள்வதும், கற்பவர்கள் அடிக்கடி தவறுவதும் இங்கேதான். 'எப்போது' என்ற பொருளில் இணைக்கும் சொல்லான 'கான்' வரும் தொடர்களைப் பார்ப்போம். மருந்து கொடுக்கும்போது சொல்லும் ஓர் அறிவுரையை எடுத்துக்கொள்ளுங்கள். "கான் வூ மான்ழெரே, ப்ரெனே ஸெ கோம்ப்ரிமே" என்றால் நீங்கள் சாப்பிடும்போது இந்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். "கான் வூஸோரே மான்ழே, ப்ரெனே ஸெ கோம்ப்ரிமே" என்றால் சாப்பிட்டதும் போட்டுக்கொள்ளுங்கள். முதல் வாக்கியத்தில் உணவும் மாத்திரையும் ஒரே நேரத்தில். இரண்டாவதில் உணவு முடிந்த பிறகே மாத்திரை. தமிழ் 'சாப்பிடும்போது' என்றும் 'சாப்பிட்டதும்' என்றும் எச்சத்தை மாற்றிக் காட்டும் வேறுபாட்டைப் பிரெஞ்சு சாதாரண எதிர்காலத்தாலும் ஆன்தேரியராலும் காட்டுகிறது. '-உம்போது' வரும் இடத்தில் சாதாரண எதிர்காலம், '-ததும்', '-தவுடன்', '-தபின்' வரும் இடத்தில் ஆன்தேரியர் என்று கொண்டால் பெரும்பாலும் பிழை வராது.

ஆங்கிலவழிக் கற்றவர் இந்த இடத்தில் இடறுகிறார். எப்போது என்ற இணைப்புக்குப் பின் ஆங்கிலம் எதிர்காலத்தைக் கொள்ளாது. நிகழ்காலத்தையோ நிகழ்கால முற்றையோ போட்டு முடித்துவிடும். அதை அப்படியே பெயர்த்து 'கான் து ஆ மான்ழே' என்று சொன்னால், பிரெஞ்சுக்காரர் காதில் அது 'நீ சாப்பிட்டபோது' என்று நடந்து முடிந்த கதையாக விழும்.

தமிழிலும் ஒரு சிக்கல் இருக்கிறது என்பதை மறைக்கக்கூடாது. 'சாப்பிட்டதும்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இறந்தகால உருவே இருக்கிறது. ஆனால் அந்த உரு, இச்செயல் மற்றதற்கு முந்தியது என்பதை மட்டுமே சொல்கிறது. உண்மையான காலத்தை வாக்கியத்தின் கடைசியில் வரும் முற்றுவினையிடமிருந்து அது கடன் வாங்கிக்கொள்கிறது. 'சாப்பிட்டதும் கிளம்பினேன்', 'சாப்பிட்டதும் கிளம்புகிறேன்', 'சாப்பிட்டதும் கிளம்புவேன்' என்று மூன்றிலும் 'சாப்பிட்டதும்' மாறாமல் இருப்பதைக் கவனியுங்கள். பிரெஞ்சில் இந்தக் கடன் கிடையாது; ஒவ்வொரு வினையும் தன் காலத்தைத் தானே சுமக்கவேண்டும். ஆகவே மொழிபெயர்க்குமுன் தமிழ் வாக்கியத்தின் கடைசி வினையைப் பார்த்துவிடுவது நல்லது. அது அன்றாட வழக்கத்தைச் சொல்லும் நிகழ்காலமாக இருந்தால், எச்சம் பாஸே கோம்போஸே ஆகும்: 'கான் ழே மான்ழே, ழெ பார்'. அது எதிர்காலமாகவோ ஏவலாகவோ இருந்தால், எச்சம் ஆன்தேரியர் ஆகும்: 'கான் ழோரே மான்ழே, ழெ பார்த்திரே'. 'நீ முடித்ததும் என்னைக் கூப்பிடு' என்பதும் அப்படியே: 'கான் து ஓரா ஃபினி, அபெல் முவா'.

'கான்' மட்டுமல்ல, அதே பொருளில் எழுத்துநடையில் வரும் 'லோர்ஸ்கெ', உடனே என்பதற்கான 'தெ கெ', 'ஓஸிதோ கெ', ஒருமுறை முடிந்துவிட்டால் என்ற சாயலுள்ள 'உன் ஃபுவா கெ' ஆகியவற்றுக்கும் இதே விதிதான். "தெ கெ நூ ஸெரோன் அரிவே, நூ வூ தேலேஃபோனெரோன்": நாங்கள் வந்து சேர்ந்தவுடன் உங்களுக்குத் தொலைபேசியில் அழைப்போம். இரண்டு செயல்களும் இடைவெளியின்றி ஒட்டி நடந்தால் 'தெ கெ' என்பதற்குப் பின் சாதாரண எதிர்காலத்தையும் பலர் போடுவார்கள். அது பிழை ஆகாது. பிறகு என்ற பொருளுடைய 'அப்ரெ கெ' பற்றிப் பிரெஞ்சுக்காரர்களிடையே வழக்கும் விதியும் வேறுபடுகின்றன. இலக்கணம் அங்கே ஆன்தேரியர் போன்ற இயல்பு வடிவத்தையே கேட்கிறது. பேச்சில் பலர் 'ஸுப்ழோங்க்திஃப்' என்ற விழைவு வடிவத்தைப் போடுகிறார்கள். தேர்வு எழுதும் மாணவர் இலக்கணத்தின் பக்கம் நிற்பதே பாதுகாப்பு.

பெற்றோர் வாயில் அடிக்கடி வருவது 'தான் கெ'. "தான் கெ து நோரா பா ஃபினி தெ தெவ்வார், து நெ ஸோர்த்திரா பா": வீட்டுப்பாடத்தை முடிக்கும்வரை நீ வெளியே போகக்கூடாது. தமிழில் 'முடிக்கும்வரை' என்று உடன்பாடாகச் சொல்வதைப் பிரெஞ்சு 'முடித்திராதவரை' என்று எதிர்மறையாகச் சொல்கிறது. 'நெ', 'பா' இரண்டையும் விட்டுவிட்டால் பொருள் கெடும்.

நிபந்தனை வாக்கியங்களுக்கு இந்தக் கதவு மூடியிருக்கிறது. 'போனால்', 'வந்தால்' என்று வரும் '-ஆல்' பொருளில் பிரெஞ்சு 'ஸி' என்ற சொல்லை வைக்கும். நிபந்தனையைக் குறிக்கும் 'ஸி'க்குப் பின் எந்த எதிர்காலமும் வராது, ஆன்தேரியரும் வராது. "நண்பகலுக்கு முன் முடித்துவிட்டால் வா" என்பது "ஸி து ஆ ஃபினி அவான் மிதி, வியேன்" என்றுதான் வரும். ஆகவே '-ததும்' என்றால் ஆன்தேரியர், '-துவிட்டால்' என்றால் பாஸே கோம்போஸே. பேச்சுத் தமிழில் 'அப்பா வந்தால் சொல்' என்று, வருவது உறுதியான நேரத்திலும் நாம் '-ஆல்' போடுவதுண்டு என்பதால், அந்த வருகை ஐயத்துக்குரியதா, உறுதியானதா என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தபின் 'ஸி', 'கான்' இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது பயன்பாட்டைப் பாடநூல்கள் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியில் முடித்துவிடும். தமிழருக்கோ அது தாய்ப்பால் போன்றது. ரயில் நிலையத்தில் நண்பருக்காகக் காத்திருக்கிறோம். வண்டி வந்து நிற்கிறது, நண்பர் இறங்கவில்லை. நாம் என்ன சொல்வோம்? 'வண்டியைத் தவறவிட்டிருப்பார்.' பிரெஞ்சிலும் "இலோரா மான்கே ஸோன் த்ரேன்" என்பதே. தவறவிட்டது நடந்து முடிந்த செயல். எதிர்கால உரு அங்கே எதிர்காலத்தைச் சொல்லவில்லை, நம் ஊகத்தைச் சொல்கிறது. உண்மை என்னவென்று பிறகுதான் தெரியவரும் என்பதால் பேச்சு எதிர்காலத்தைத் துணைக்கு அழைக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். தொடர்பே இல்லாத இரண்டு மொழிக்குடும்பங்கள் ஒரே வினைவடிவத்தை ஒரே ஊகத்துக்குப் பயன்படுத்துவது மொழி கற்பவருக்குக் கிடைக்கும் மகிழ்ச்சிகளுள் ஒன்று. தன்மையிலும் இது வரும்: 'ழோரே லெஸே மெ க்லே ஓ ப்யூரோ', சாவியை அலுவலகத்திலேயே விட்டிருப்பேன். அன்றாடப் பேச்சில் இதே ஊகத்தை 'இலா து மான்கே ஸோன் த்ரேன்' என்று, கட்டாயத்தைக் குறிக்கும் 'தெவ்வார்' வினையைக் கொண்டு சொல்வதே அதிகம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆன்தேரியர் சற்று எழுத்துநடைச் சாயல் உடையது.

இந்த உறவே அடுத்த பயன்பாட்டில் நம்மைக் கவிழ்க்கக்கூடும். பிரெஞ்சு நாளிதழ்களிலும் வானொலிச் செய்திகளிலும், முடிந்துவிட்ட ஒன்றைக் கணக்குப் பார்த்துச் சொல்லும்போது ஆன்தேரியரைப் போடுவார்கள். பாரிஸின் நோத்ர் தாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பிடித்தது. 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. அதைப் பற்றி ஒருவர் இப்படி எழுதலாம்: "இலோரா ஃபலு ப்லு தெ ஸேன்க் ஆன் பூர் ரூவ்ரிர் நோத்ர் தாம்." தமிழ்ப் பழக்கத்தில் இதைப் படித்தால் 'மீண்டும் திறக்க ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும்' என்று தோன்றும், எழுதியவருக்குச் சரியாகத் தெரியவில்லை, ஊகிக்கிறார் என்று நினைத்துவிடுவோம். உண்மையில் அவர் ஊகிக்கவே இல்லை. 'ஆக மொத்தம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பிடித்துவிட்டது' என்று, எல்லாம் முடிந்த பின் வரலாற்றின் கண்ணால் பார்த்துக் கணக்கு முடிக்கிறார். அதேபோல 1981 முதல் 1995 வரை பிரான்சின் குடியரசுத் தலைவராக இருந்த மித்தேரானைப் பற்றி "மித்தேரான் ஓரா ஏத்தே ப்ரெஸிதான் பான்தான் கத்தோர்ஸ் ஆன்" என்றால், 14 ஆண்டுகள் இருந்திருப்பார் என்ற மொழிபெயர்ப்பு தவறு. 14 ஆண்டுகள் தலைவராக இருந்தார் என்பதே சரி. இத்தகைய வரிகளைத் தமிழாக்கும்போது 'இருப்பார்' விகுதியை விட்டுவிட்டு, திண்ணமான இறந்தகாலத்தைப் போட வேண்டும். ஊகமா, கணக்கா என்று அறிய ஒரு வழி உண்டு. வாக்கியத்தில் ஆண்டுக்கணக்கோ எண்ணிக்கையோ இருந்து, செய்தி அனைவருக்கும் தெரிந்ததாக இருந்தால் அது பெரும்பாலும் கணக்கு. வியப்பிலோ சலிப்பிலோ சொல்லும் 'ஓனோரா தூ வு' என்ற தொடரும் இந்த வகையே. நம் 'எல்லாத்தையும் பார்த்தாச்சு' அதற்குச் சரியான இணை.

கடைசியாக, தமிழ் வைத்திருக்கும் ஆழமான குழி. 'நீ கூப்பிட்டிருந்தால் நான் வந்திருப்பேன்.' இங்கேயும் 'வந்திருப்பேன்' என்றே சொல்கிறோம், ஆனால் யாரும் கூப்பிடவில்லை, நானும் வரவில்லை. நாளைக்குள் வந்திருப்பேன் என்ற எதிர்காலத்துக்கும், இந்நேரம் வந்திருப்பார் என்ற ஊகத்துக்கும், கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன் என்ற நடக்காத ஒன்றுக்கும் தமிழ் ஒரே வடிவத்தை வைத்திருக்கிறது. பிரெஞ்சு முதல் இரண்டை ஆன்தேரியரில் வைத்துக்கொண்டு, மூன்றாவதைப் பிரித்து 'கோந்திஸியோனெல் பாஸே' என்ற வேறு வடிவத்துக்குத் தந்துவிட்டது: "ஸி து மவெ அபெலே, ழெ ஸெரெ வெனு." தன்மை ஒருமையில் எழுத்தளவில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு துணைவினையின் கடைசியில் ஒரே ஓர் 'எஸ்'. ஒலியில் ஆன்தேரியர் 'ஸெரே' என்று நெடிலைப் போலக் குறுகிய வாயோடும், மற்றது 'ஸெரெ' என்று சற்றுத் திறந்த வாயோடும் வரவேண்டும் என்பது நூல்வழக்கு. பலர் பேச்சில் இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. பிரெஞ்சுக் குழந்தைகளே எழுதும்போது இதில் தடுமாறுகிறார்கள்.

தமிழ் வாக்கியத்தில் '-இருந்தால்' என்ற வடிவம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் 'எஸ்' சேரவேண்டும். அது வாக்கியத்தில் வெளிப்படையாக இல்லாதபோது, பிரெஞ்சுப் பள்ளிகளில் சொல்லித்தரும் வழியைக் கையாளலாம்: நான் என்பதை நாங்கள் என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். 'நூஸோரோன் ஃபினி' என்று வாயில் வந்தால் அது ஆன்தேரியர், 'எஸ்' வேண்டாம். 'நூஸோரியோன் ஃபினி' என்று நடுவில் ஓர் இகரம் நுழைந்தால் அது நடக்காததைச் சொல்லும் வடிவம், 'எஸ்' கட்டாயம். 'திஸி வாந்த்ரெதி' என்று தொடங்கிய வாக்கியத்தைப் பன்மையாக்கினால் 'நூஸோரோன் தெர்மினே' என்றே வரும். வெள்ளிக்கிழமைக்குள் வேலை முடிந்துவிடும் என்று உறுதி சொல்கிற அந்த வாக்கியத்தில் 'ழோரே' என்று எழுதும்போது கடைசி எழுத்தாக 'எஸ்' போட்டுவிட்டால், முடித்திருக்கலாம், ஆனால் முடிக்கமுடியாமல் போயிற்று என்று சொன்னது போலாகிவிடும்.